கந்தப்பளையில் மட்டும் எரியும் லைட்

2024 தைப்பொங்கல் அன்று காலை ஆறரை மணி. கோயிலுக்குப் புறப்படுகிறோம். இரண்டே கதவு உள்ள காரின் பின்சீட்டில் ஏறுவது அம்மாவுக்குப் பெரிய வேலை. எப்படியோ வளைந்து நெளிந்து ஏறி, பொங்கல் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா முன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவர், டேஷ்போர்டைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அது என்னா லைட்டு?"

எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் லைட். முதல் நாள் காலை நுவரெலியாவுக்குக் கரும்பு வாங்கப் போகும்போது அது இல்லை. இப்போது இருக்கிறது.

"ஒண்ணுமில்லப்பா, செக் எஞ்சின் லைட். கொழும்புக்குப் போய்க் காட்டிக்கிறேன்."

"லைட்டு எரியிற வண்டியில நான் ஏறமாட்டேன் புள்ள. நீங்க போங்க, நான் நடந்து வாறேன்."

காலை வெளியே எடுத்துவிட்டார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். "ரெண்டு நாளா காலையில இருமுது. குளிரு ஒத்துக்கல போல." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா 24 வருசம் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். முதலில் பெட்போர்ட், பிறகு இசுசு. அந்த லொறிகளில் கணினியும் இல்லை, இந்த லைட்டும் இல்லை. அவருக்கு இதில் என்ன தெரியும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன்.

இந்தக் கட்டுரை அந்த நினைப்பைப் பற்றியதும்தான்.

கார் ஒரு டொயோட்டா செலிகா. 2003 மொடல், ஏழாவது தலைமுறை. 1794 சிசி எஞ்சின், ஆறு கியர், 140 குதிரைவலு. முதலில் இங்கிலாந்தில் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்தது. அதனால் வேகமானி மைலில்தான் காட்டும். 40 என்று முள் நிற்கும்போது நான் 64 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பேன். 1990இல் கார்லோஸ் சைன்ஸ் உலக ரெலி சாம்பியன் ஆனது ஒரு செலிகாவில்தான். ஆனால் அது நான்கு சக்கரமும் இழுக்கிற டர்போ வண்டி. என்னுடையது அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற சாதுவான சொந்தக்காரப் பிள்ளை.

சின்ன வயதில் ஏப்ரல் மாதம் வந்தால் அப்பா என்னை மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டிக்குக் கூட்டிப்போவார். டிக்கெட் எடுத்து இல்லை, மேலே தேயிலைக்குள் நின்று பார்ப்போம். வளைவில் திரும்பும் சத்தத்தை வைத்தே "இவன் கியரை லேட்டா மாத்துறான்" என்பார் அப்பா. எனக்குக் கார் ஆசை வந்தது அங்கேதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பாவிச்ச கார்களின் விலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. 'லோன் போட்டு ஒரு சின்னக் கார் எடு' என்று எல்லாரும் சொன்னார்கள். அதே காசுக்கு இருபது வயசுக் கிழவி ஒருத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். 2023 நவம்பர். லயத்துப் பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வித்தவர் நீர்கொழும்புப் பக்கம் கடற்கரையோரம் இருக்கிற வயதான ஒருவர். வாங்கப் போனபோது நண்பன் ஒருவன் தன் போனோடு சேரும் சின்ன ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெட்டில் செருகி, போனில் பார்த்தான். "கோட் ஒண்ணும் இல்ல." ஸ்கிரீனைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் படம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து கொழும்புக்கு வந்ததும் ஒரு கராஜுக்குப் போனேன். ஸ்கேன் பண்ணினார்கள். வந்த கோட் பி 0171. 'சிஸ்டம் டூ லீன்.' அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் குறைவு, காற்று அதிகம்.

"மிஸ், ஒக்சிஜன் சென்சர் போயிருக்கு" என்றார் அங்கிருந்தவர். என்னைப் பார்த்து இல்லை, என்னோடு வந்த நண்பனைப் பார்த்து. அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. சென்சரை மாற்றினார்கள், கோடை அழித்தார்கள், லைட் அணைந்தது. 48,000 ரூபா. லைட் எப்போது எரிந்தது, எங்கே எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் சிவராத்திரிக்கு வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாள் காலை, அதே மஞ்சள் லைட்.

இந்த முறை வேறு கராஜ். அதே கோட். 'எயார்புளோ சென்சர் அழுக்கா இருக்கும்' என்று கழுவினார்கள். பிளக் நான்கையும் மாற்றினார்கள். இதற்கும் சரிவராவிட்டால் பெற்றோல் பம்ப் மாற்ற வேண்டும் என்றார்கள். போகும்போது அங்கிருந்த ஒருவர், "வித்தவர் கோடை அழிச்சிட்டு உங்கட தலையில கட்டியிருக்கார் மிஸ். இப்ப எல்லாரும் செய்யிற வேலைதான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று இரவே நீர்கொழும்பு அங்கிளுக்குக் கோல் எடுத்தேன். என்ன பேசினேன் என்று முழுவதும் எழுத விருப்பமில்லை. 'உங்க வயசுக்கு இது தேவையா' என்பது நான் சொன்னதில் மரியாதையான வரி. அவர் ஒரே ஒரு தடவை, "மகள், எனக்கு அந்த லைட் எரிஞ்சதே இல்லை" என்றார். நான் கட் பண்ணிவிட்டேன்.

ஏப்ரலில் வீட்டுக்குப் போனேன். லைட் எரியவில்லை. தீபாவளிக்குப் போனேன். எரியவில்லை. கழுவினதுதான் சரி, வருத்தம் தீர்ந்தது என்று நம்பிவிட்டேன். டிசம்பர் 26 காலை, நல்ல வெள்ளைப் பனி. வண்டியை எடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்த நாளும் அப்படியே. பட்டென்று வந்தது லைட்.

அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை. ஒரு மாதிரிக் களைப்பு. இனி யாருக்கும் காசு கொடுப்பதில்லை, நானே படிக்கிறேன் என்று முடிவெடுத்தேன். ஏற்கெனவே 3,500 ரூபாவுக்கு அந்தச் சின்ன ஸ்கேனரை வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன்.

இனி கொஞ்சம் விசயம் சொல்கிறேன். கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம், பெரிய கஷ்டம் இல்லை.

பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடையில் 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. உள்ளே போகும் காற்றை வாசலிலேயே எயார்புளோ சென்சர் அளக்கும். அந்த அளவை வைத்துக் கணினி பெற்றோல் ஊற்றும். எரிந்து வெளியே வரும் புகையில் ஒக்சிஜன் மீதமிருக்கிறதா என்று ஒக்சிஜன் சென்சர் பார்த்துச் சொல்லும். மீதம் அதிகம் என்றால் கணினி 'பெற்றோல் காணாது போல' என்று இன்னும் கொஞ்சம் கூட்டும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் பியுவல் டிரிம். அது சதவீதத்தில் போனில் தெரியும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் வண்டி சுகம். கூட்டிக் கூட்டி ஒரு எல்லை தாண்டினால் கணினி கையை விரித்து பி 0171 என்று எழுதி வைக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். மலையில் கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கிறது. பெக்டரியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெக்டரியில் கொழுந்து கூடுதலாக நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? தராசு பிழையாக இருக்கலாம். பெக்டரிக் கணக்குப்பிள்ளை பிழையாக எண்ணியிருக்கலாம். அல்லது தராசில் ஏறாமல் ஏதோ ஒரு பின்வாசலால் கொழுந்து உள்ளே வந்திருக்கலாம். முதல் கராஜ் கணக்குப்பிள்ளையை வேலையை விட்டுத் தூக்கியது. இரண்டாவது கராஜ் தராசைக் கழுவியது. பின்வாசலை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பி 0171 என்பது ஒரு பாகத்தின் பெயர் இல்லை. 'கணக்கு உதைக்குது' என்ற முறைப்பாடு மட்டுந்தான். பொலிஸில் முறைப்பாடு எழுதினால் அது தீர்ப்பு ஆகிவிடுமா? நாங்கள் எல்லாரும், நான் உட்பட, முறைப்பாட்டைத் தீர்ப்பாக வாசித்தோம்.

முறைப்பாட்டோடு சாட்சியும் ஒன்று இருக்கும். கோட் விழும் அந்தக் கணத்தில் எஞ்சின் எந்த நிலைமையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு படம்போலப் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். எஞ்சினின் சூடு, வேகம், சுற்று, டிரிம் எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் அந்தப் படமும் சேர்ந்து அழிந்துபோகும். இரண்டு கராஜிலும் அழித்தார்கள். லைட்டை அணைத்துக் காட்டினால்தானே காசு கேட்கலாம். அவர்கள் அழித்தது என்னுடைய ஒரே சாட்சியை.

டிசம்பர் 27 அன்று முதல் தடவையாக நானே அதைத் திறந்து பார்த்தேன். வேகம் 0. சுற்று 1,100 சொச்சம். எஞ்சின் தண்ணீரின் சூடு 38 பாகை. நன்றாக ஓடிச் சூடான எஞ்சினில் அது 80ஐத் தாண்டி நிற்கும். ஆக, என் வண்டி ஓடும்போது முறைப்பாடு செய்யவில்லை. காலையில், குளிரில், நின்ற இடத்தில் நின்றுகொண்டு முறைப்பாடு செய்திருக்கிறது.

ஒரு கொப்பியில் லைட் எரிந்த நாட்களை எழுதினேன். ஜனவரி, மார்ச், டிசம்பர். மூன்றும் கந்தப்பளை. மூன்றும் விடியற்காலை. ஏப்ரலில் இல்லை, அப்போது இங்கே குளிர் குறைவு. தீபாவளிக்கு மழை, மழை நாளில் காலைக் குளிர் அவ்வளவு இறங்காது. கொழும்பில் ஒரு நாளும் இல்லை. அங்கே குளிர் என்பதே இல்லை.

அப்போதுதான் இன்னொரு விசயமும் விளங்கியது. இந்தக் கோடுக்கு லைட் முதல் தடவையே எரியாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் அதே பிழை தெரிந்தால்தான் எரியும். அதனால்தான் எப்போதும் இரண்டாம் நாள் காலை. பிறகு பிழை இல்லாமல் மூன்று ஓட்டம் ஓடினால் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். நான் அழிக்காமல் விட்டிருந்தாலும் கொழும்பில் அது அணைந்திருக்கும். சென்சர் மாற்றினதால் அணைந்தது, கழுவினதால் அணைந்தது என்று நாங்கள் நம்பியதெல்லாம் கொழும்பு வெயில் செய்த வேலை.

கொப்பியை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இதத்தானே நான் போன பொங்கலுக்கே சொன்னேன். குளிருல இருமுதுன்னு."

"சொன்னீங்க" என்றேன்.

"அங்க ஏன் புள்ள கொண்டுபோய்க் காட்டுற? அங்க அது நல்லாத்தானே இருக்கு. நோய் வாற நேரத்துல தானே டொக்டர் பாக்கணும்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2025 ஜனவரி 14, பொங்கல். முதல் நாள் இரவே வண்டியை வெளியே பனியில் விட்டோம். காலை ஆறு மணிக்குச் சாவியை மட்டும் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் போனில் பார்த்தேன். எஞ்சின் தண்ணீர் 9 பாகை. இரவெல்லாம் நின்ற வண்டி வெளியே இருக்கும் குளிரைத்தான் காட்டும். ஸ்டார்ட் பண்ணினேன். ஒக்சிஜன் சென்சர் சூடாகும் வரை கணினி கணக்குப் பார்க்காது, கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு டிரிம் ஏறத் தொடங்கியது. 12, 19, 26. இரண்டு டிரிமையும் கூட்டினால் 30ஐத் தாண்டியது.

படித்தபடி அக்சிலேட்டரை மெதுவாக மிதித்து 2,500 சுற்றில் பிடித்தேன். டிரிம் கீழே இறங்கியது. விட்டேன், மறுபடி ஏறியது. இது முக்கியமான சோதனை. பெற்றோல் பம்ப் களைத்துப்போயிருந்தால், சுற்றைக் கூட்டக் கூட்ட வண்டி இன்னும் அதிகமாகப் பெற்றோல் கேட்டு டிரிம் ஏறும். ஓர் ஓட்டையால் காற்று உள்ளே வந்தால் நிலைமை தலைகீழ். சும்மா நிற்கும்போது எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிது. சுற்றைக் கூட்டினால் வாசலால் வரும் காற்று பெருகும், ஓட்டைக் காற்று அதில் கரைந்துபோகும். ஆக, பம்ப் இல்லை. பின்வாசல்தான். எங்கே என்பதுதான் கேள்வி.

"நீ உள்ளேயே இரு" என்று சொல்லிவிட்டு அப்பா குசினிப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு அடி ரப்பர் குழாய். ஒரு நுனியைக் காதில் வைத்தார். மறு நுனியை எஞ்சின் மேலே மெதுவாக, ஓடுகிற பெல்ட்டில் படாமல், ஒவ்வொரு மூட்டாகக் கொண்டுபோனார். டொக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோலத்தான். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள்.

இன்டேக் மேனிபோல்ட் எஞ்சினோடு சேருகிற இடத்தில், இரண்டாவது குழாயடியில், அப்பாவின் கை நின்றது.

"இங்க. இங்க மூச்சு இழுக்குது. வந்து கேளு."

இறங்கிப் போய்க் குழாயைக் காதில் வைத்தேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய சத்தம். அரை அங்குலம் தள்ளினால் இல்லை. திருப்பி வைத்தால் இருக்கிறது.

அம்மா பூக்கன்றுக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே போத்தலை வாங்கி அந்த மூட்டில் கொஞ்சம் அடித்தேன். சில பேர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள், சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், செய்யாதீர்கள். தண்ணீர் அந்த இடைவெளியை ஒரு நொடி அடைத்தது. எஞ்சின் சத்தம் மாறியது. சீட்டில் கிடந்த போனில் டிரிம் விழுந்தது. தண்ணீர் உள்ளே போனதும் மறுபடி ஏறியது. இன்னொரு தடவை அடித்தேன். இன்னொரு தடவை விழுந்தது.

பத்து நிமிசத்தில் எஞ்சின் சூடாகி, சத்தம் தானாகவே நின்றுவிட்டது. டிரிம் 5க்கு வந்தது. அப்பா குழாயைச் சுருட்டிக்கொண்டே, "இப்ப கொழும்புக்குக் கொண்டுபோனா யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்த மூட்டுக்குள் இருப்பது ஒரு ரப்பர் கெஸ்கட். இருபது வருசச் சூட்டில் கல்லாகிப்போயிருந்தது. குளிரில் சுருங்கும், காற்று புகும். சூட்டில் விரியும், அடைபடும். இந்த எஞ்சின் வகையில் இது பழக்கப்பட்ட நோய்தான் என்று பிறகு தெரிந்தது. பஞ்சிகாவத்தையில் புதுக் கெஸ்கட் வாங்கினேன். மூவாயிரத்துக்கும் குறைவு. அப்பாவும் அவருடைய பழைய கூட்டாளி ஒருவரும் அரை நாளில் மாற்றினார்கள். கூலி வாங்கவில்லை, பகல் சாப்பாடு மட்டும். பழைய கெஸ்கட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம்கூட விழவில்லை.

அன்று இரவு எதற்கோ வாட்ஸ்அப்பில் தேடும்போது அந்தப் படம் கிடைத்தது. கார் வாங்கிய அன்று நண்பன் அனுப்பியது. 'கோட் இல்லை' என்ற வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. ரெடினஸ் மொனிட்டர் என்று ஒரு பட்டியல். கணினி தன்னுடைய ஒவ்வொரு பகுதியையும் தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டுவது. யாராவது கோடை அழித்தால் அல்லது பற்றரியைக் கழற்றினால் இந்தச் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும். மறுபடி முடிய சில நாள் ஓட வேண்டும். அழித்துவிட்டு விற்கிறவரை இப்படித்தான் பிடிப்பார்கள்.

என் படத்தில் எல்லாமே 'முடிந்தது' என்று இருந்தது.

அவர் எதையும் அழித்திருக்கவில்லை. கடற்கரையில் ஓடிய கார். அங்கே அந்த லைட் எரிவதற்குக் காரணமே இல்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. அதற்கான அத்தாட்சி பதினான்கு மாதமாக என் போனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவருக்குக் கோல் எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும் மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "அப்ப, குளிர்தான் பிரச்சினையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் அந்தக் காரை ஒருநாளும் அவிசாவளைக்கு மேல கொண்டுபோனதில்லை மகள்" என்றார். பிறகு, "இப்ப எப்படி ஓடுது?" நன்றாக ஓடுகிறது என்றேன். "அது போதும்." அவர் என்னைத் திட்டவில்லை. நான் திட்டியதும் அதனால் குறைந்துவிடவில்லை.

உங்களில் யாராவது பாவிச்ச கார் வைத்திருந்தால், அல்லது வாங்கப் போகிறீர்கள் என்றால், சில விசயம் சொல்லிவிடுகிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியை மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆனாலும் எங்களில் பலர் வாங்கப்போவது இன்னொருவர் ஓட்டிய வண்டியைத்தான்.

வாங்கும்போது சாவியை 'ஒன்' கட்டத்துக்குத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். செக் எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் பண்ணினதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஸ்கேன் பண்ணும்போது கோட் இல்லை என்பதோடு நின்றுவிடாமல் ரெடினஸையும் பாருங்கள். ஓடும்போது லைட் நிலையாக எரிந்தால் பதறத் தேவையில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அது விட்டு விட்டு மின்னினால் எஞ்சினில் நெருப்பு ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எரியாத பெற்றோல் போய் கெட்டலிக் கொன்வெர்ட்டரைக் கருக்கிவிடும். மெதுவாக ஓரம் கட்டுங்கள். சிவப்பில் ஒயில் லைட்டோ சூட்டு லைட்டோ வந்தால் உடனே நிறுத்துங்கள், வீடு அரைக் கிலோமீட்டரில் இருந்தாலும் சரி.

கராஜில் கோடை அழிக்க முன்னர் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தையாவது மாற்றச் சொன்னால், 'அதுதான் பிழை என்று எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். நல்ல பாஸ் கோபப்படமாட்டார், காட்டுவார். லைட் எப்போது வருகிறது, எங்கே வருகிறது, மழையா, ஏற்றமா, காலையா என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஸ்கேனருக்குத் தெரியாத அந்த விசயம் வண்டியோடு வாழ்கிற உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கிற வேறு யாருக்காவதும் தெரியலாம். அவர்களையும் கேளுங்கள். நான் ஒரு வருசம் கேட்கவில்லை. சென்சர், பிளக், கழுவுகூலி எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்கு மேல் போனது.

கெஸ்கட் மாற்றிய அடுத்த ஞாயிறு விடியற்காலை. புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. நுவரெலியாவுக்கு மரக்கறி விதை வாங்கப் போக வேண்டும் என்று அப்பா நின்றார். நான் கதவைத் திறந்துவிட்டேன். சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எல்லா லைட்டும் ஒன்றாக எரிந்தன. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் பண்ணினேன். ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் லைட்டும் அணைந்தது. அவர் ஏறவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

பிறகு ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"கியரை லேட்டா மாத்தாத" என்றார்.